கம்பெனிக்கு மின்சாரக் கார்: தேய்மானக் கணக்கு

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வறட்டு விஷயம். கம்பெனி பெயரில் கார் வாங்கும்போது மின்சாரக் கார் வாங்கலாமா, அதன் தேய்மானத்துக்குப் பயப்பட வேண்டுமா என்பதுதான் கேள்வி. நம்மில் பலருடைய பிள்ளைகளும் மருமகன்களும் ஹெப்பாளிலும் ஹூட்டகள்ளியிலும் நஞ்சன்கூடு பக்கத்திலும் சின்னச் சின்னத் தொழில்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்காவது உபயோகப்படட்டும் என்று துணிந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிறருடைய கணக்கைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். ஆகவே நடுநடுவே எண்கள் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் தலைமுறைக்கு வண்டி என்றால் ரீசேல் ஞாபகம்தான் முதலில் வரும். அதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். கைக்கு வந்த வண்டியை அன்றே விற்றால்கூட வாங்கிய விலைக்கு மேல் கொடுக்க ஆள் இருந்தது. நம் ஊர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அது 1996ல் மூடப்பட்டது. அங்கே செய்த ஜாவாவும் யெஸ்டியும் எந்தக் கம்பெனிக் கணக்கிலும் என்றோ மதிப்பிழந்து போயிருக்கும். ஆனால் நன்றாக வைத்திருந்த வண்டியை இன்றும் ஆசைப்பட்டுத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, புத்தகத்தில் உள்ள மதிப்பு வேறு, சந்தையில் கிடைக்கும் விலை வேறு. இன்றைய பேச்சுக்கு இதுதான் அஸ்திவாரம்.

தேய்மானம் என்று ஒரே வார்த்தையைச் சொல்கிறோமே தவிர, அது மூன்று விஷயம். ஒன்று, வருமான வரிக்காகக் கழிப்பது. இரண்டு, கம்பெனிச் சட்டப்படி கணக்கில் எழுதுவது. மூன்று, விற்கப் போகும்போது நிஜமாகவே குறைந்திருக்கும் விலை. ஷோரூமில் இருக்கிற பிள்ளை முதல் விஷயத்தைச் சொல்லி ஆசை காட்டுகிறான். ஆத்துக்கு வரும் பந்துக்கள் மூன்றாவதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஒன்றுக்கு மற்றது பதில் ஆகாது.

முதலில் வரிக் கணக்கைப் பார்ப்போம். 1962ஆம் வருஷத்து வருமான வரி விதிகளின் அட்டவணைப்படி, வாடகைக்கு விடாத சாதாரணக் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் கழிவு. பாட்டரியில் ஓடும் வண்டி அதே அட்டவணையில் எரிசக்தி சாதனங்களோடு சேர்க்கப்பட்டிருந்ததால் அதற்கு 40 சதவீதம். ஒரு காலத்தில் 80 சதவீதம்கூட இருந்தது. பிறகு எல்லாவற்றுக்கும் 40தான் உச்சம் என்று ஆக்கினார்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2025ல் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று வைக்கப்பட்டது. ஆகையால் வாங்குகிற வருஷத்தில் உள்ள விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் நான் சொல்வதுதான்.

ஒரு உதாரணம். விலை எல்லாம் நான் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்டது. பெட்ரோல் கார் எல்லாம் சேர்த்து 12 லட்சம், அதே அளவு மின்சாரக் கார் 16 லட்சம். முதல் வருஷக் கழிவு பெட்ரோல் காருக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், மின்சாரக் காருக்கு 6 லட்சத்து 40 ஆயிரம். கம்பெனியின் வரி சுமார் கால் பங்கு என்றால், முதல் வருஷம் பெட்ரோல் காரால் மிச்சமாகும் வரி 45 ஆயிரம், மின்சாரக் காரால் 1 லட்சத்து 60 ஆயிரம். பார்க்க ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்தாம் வருஷம் பாருங்கள். பெட்ரோல் காருக்குக் கழிவு சுமார் 94 ஆயிரம், மின்சாரக் காருக்கு 83 ஆயிரம்தான். முன்னால் ஜாஸ்தி எடுத்துக்கொண்டோம், பின்னால் குறைந்துவிட்டது. விற்கும்போது வரும் பணமும் அந்தத் தொகுதியிலிருந்து கழிக்கப்பட்டுவிடும். ஆகவே 40 சதவீதம் என்பது சர்க்கார் தரும் இனாம் அல்ல. பின்னால் வரவேண்டிய கழிவு முன்னாலேயே வருகிறது, அவ்வளவுதான். கைமாற்று மாதிரி. ரொக்கத்துக்குக் கஷ்டப்படும் சின்னக் கம்பெனிக்கு அது நிச்சயம் உதவிதான். ஆனால் அதை லாபம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

இதில் நம் மைசூருக்காக ஒரு விஷயம். ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் வண்டி எடுப்பது நம் ஊர் வழக்கம். வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் பாதிக் கழிவுதான் கிடைக்கும் என்பது விதி. 2025ல் விஜயதசமி அக்டோபர் 2ல் வந்தது. அன்று எடுத்து ஓட்டினால் மார்ச் 31 வரை 181 நாள், முழுக் கழிவு. 2024ல் அக்டோபர் 12ல் வந்தது. 171 நாள்தான், பாதிக் கழிவு. நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தோடு காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இரண்டாவது, கம்பெனிச் சட்டக் கணக்கு. 2013ஆம் வருஷச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் காருக்கு ஆயுள் 8 வருஷம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 5 சதவீதம். மின்சார வண்டிக்குத் தனி இனம் உண்டு, ஆனால் அதற்கும் ஆயுள் அதே 8 வருஷம்தான். 16 லட்சம் காருக்கு வருஷத்துக்கு 1 லட்சத்து 90 ஆயிரம் எழுதிக்கொண்டே போகலாம். பல கம்பெனிகள் காரின் பெரிய பாட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் என்றுதான் வாரண்டி கொடுக்கின்றன. இந்த எட்டு என்கிற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

மூன்றாவதுதான் நிஜமான பயம், சந்தை விலை. மின்சாரக் காரின் பழைய விலை ஏன் வேகமாக இறங்குகிறது? எல்லோரும் பாட்டரி கெட்டுப் போவதால் என்கிறார்கள். அது பாதிக் காரணம். நம் கர்நாடகத்திலேயே 2001ல் பெங்களூரில் ரேவா கார் விற்பனைக்கு வந்தது. ஈய பாட்டரி வண்டி. சில வருஷத்தில் பாட்டரியை மாற்றியாக வேண்டும். அதைப் பார்த்தவர்கள் மனதில் அந்தப் பயம் அப்படியே தங்கிவிட்டது. இன்றைய லித்தியம் பாட்டரி அப்படி இரண்டு மூன்று வருஷத்தில் கைவிடுவதில்லை.

இன்னொரு பாதிக் காரணம் நல்ல விஷயத்திலிருந்து வருகிறது. பாட்டரி மலிவாகிக்கொண்டே போகிறது. டாடாவின் நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் வந்தபோது ஆரம்ப விலை 13 லட்சத்து 99 ஆயிரம். பாட்டரி 30.2 யூனிட், ஒரு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர் என்றார்கள். 2024 செப்டம்பரில் அதே 13 லட்சத்து 99 ஆயிரம் ஆரம்ப விலையில் 45 யூனிட் பாட்டரி, 489 கிலோமீட்டர் என்றார்கள். இப்போது சொல்லுங்கள், 2020ல் வாங்கியவர் தன் வண்டியை விற்கப் போனால் யார் நல்ல விலை கொடுப்பார்கள்? வண்டியில் ஒரு குறையும் இல்லை. புதுசு நன்றாக வந்துவிட்டது, அதனால் பழசு தேய்ந்துவிட்டது. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இதைப் பார்த்திருக்கிறோம். காரில் இப்போதுதான் பார்க்கிறோம்.

இதில் பெரிய கம்பெனிகளே அடிபட்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் என்று கார் வாடகைக்கு விடும் கம்பெனி. 2021 அக்டோபரில் ஒரு லட்சம் டெஸ்லா கார் வாங்கப் போவதாக அறிவித்தது. 2023ல் டெஸ்லா புதுக் காரின் விலையைக் குறைத்தது. உடனே ஹெர்ட்ஸின் கையில் இருந்த கார்களின் மதிப்பும் இறங்கிவிட்டது. ரிப்பேர் செலவும் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி ஆயிற்று. 2024 ஜனவரியில் 20 ஆயிரம் மின்சாரக் கார்களை விற்கப் போவதாகச் சொல்லி, தேய்மானத்துக்காக மட்டும் சுமார் 24 கோடியே 50 லட்சம் டாலர் கணக்கில் எழுத வேண்டி வந்தது. இதிலிருந்து மின்சாரக் கார் கூடாது என்று நான் முடிவு கட்டவில்லை. ஹெர்ட்ஸ் மாதிரி வாடகைக் கம்பெனிக்குச் சீக்கிரம் விற்று மாற்றுவதே தொழில். சீக்கிரம் விற்கிறவனுக்குத்தான் இந்தத் தேய்மானம் முழுசாக வலிக்கும். கடைசிவரை ஓட்டுகிறவனுக்குச் சந்தை விலை வெறும் செய்தி.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். என் தங்கை பிள்ளை ஹெப்பாளில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறான். 14 பேர் வேலை செய்கிறார்கள். பீன்யாவில் இரண்டு பெரிய கஸ்டமர்கள். மாதத்தில் ஆறேழு தடவை பெங்களூர் போய் வரவேண்டும். போக வர 300 கிலோமீட்டர். ஒரு நாள் ஆத்துக்கு வந்து, "மாமா, ஷோரூம்ல நாப்பது பர்சென்ட், நாப்பது பர்சென்ட்னு சொல்றான். எங்க மாமனார் அஞ்சு வருஷம் கழிச்சு அதைத் தொடக்கூட ஆள் வராதுங்கறார். நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்றான். அவனுக்கு இது விளையாட்டு இல்லை. ஷெட்டுக்கு ஒரு பழைய சி.என்.சி. மெஷின் வாங்க அட்வான்ஸ் கொடுப்பதற்கென்று நாலு லட்சம் சேர்த்து வைத்திருந்தான். இரண்டு காருக்கும் விலை வித்தியாசமும் அதே நாலு லட்சம்தான். கார் தப்பாகப் போனால் மெஷின் போயிற்று, மெஷினை நம்பி எடுத்த ஆர்டரும் போயிற்று.

"யார் பேச்சையும் கேக்காதே. மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடறேன்னு மட்டும் எழுதிண்டு வா" என்றேன். மூன்று மாத டோல் சீட்டையும் பெட்ரோல் பில்லையும் கொண்டு வந்தான். பெங்களூர் போகும் கார் மாதம் 2,000 கிலோமீட்டர். ஆபீஸில் நிற்கும் இன்னொரு பழைய பெட்ரோல் கார் மாதம் 500 கிலோமீட்டர். பாங்க், கூரியர், எப்போதாவது நஞ்சன்கூடு.

இப்படிக் கணக்குப் போட்டோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு, 15 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 ரூபாய் 70 காசு. மின்சாரக் கார் யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் போகும். ஷெட்டில் பாதிக்கு மேலும், வழியில் மீதியும் சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 70 காசு. வழியில் யூனிட் விலை ஜாஸ்தி என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மிச்சம் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். சர்வீஸ் செலவு குறைவு, இன்சூரன்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. அவை ஒன்றுக்கொன்று சரி என்று விட்டுவிட்டோம்.

ஐந்து வருஷம் கழித்துப் பெட்ரோல் கார் பாதி விலைக்கு, அதாவது 6 லட்சத்துக்குப் போகும் என்று வைத்தோம். மின்சாரக் கார் 35 சதவீதத்துக்கு, 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு. தேய்மான நஷ்டம் பெட்ரோலுக்கு 6 லட்சம், மின்சாரத்துக்கு 10 லட்சத்து 40 ஆயிரம். மாமனார் சொன்னது சரிதான், 4 லட்சத்து 40 ஆயிரம் ஜாஸ்தி நஷ்டம். ஆனால் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் ஐந்து வருஷத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர், எரிபொருளில் 6 லட்சம் மிச்சம்.

இங்கே யாரும் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது. பழைய கார் விற்றாலும் ஜி.எஸ்.டி. உண்டு. 2024 டிசம்பர் கவுன்சில் முடிவுக்குப் பிறகு, 2025 ஜனவரியில் பழைய மின்சாரக் காருக்கும் 18 சதவீதம் என்று ஆயிற்று. வாங்கும்போது கட்டிய வரிக்கு வரவு எடுத்துக்கொள்ளாத, ஜி.எஸ்.டி. பதிவுள்ள தொழில்காரர் விற்றால், முழு விலைக்கு வரி இல்லை. விற்ற விலைக்கும் வருமான வரிக் கணக்கில் மிஞ்சியிருக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். வித்தியாசம் இல்லையென்றால் வரியும் இல்லை. ஐந்து வருஷம் 40 சதவீதம் கழித்த பிறகு மின்சாரக் காரின் புத்தக மதிப்பு 1 லட்சத்து 24 ஆயிரம்தான். 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு விற்றால் வித்தியாசம் 4 லட்சத்து 36 ஆயிரம், வரி 78 ஆயிரம். பெட்ரோல் காருக்குப் புத்தக மதிப்பு 5 லட்சத்து 32 ஆயிரம் இருப்பதால் வரி வெறும் 12 ஆயிரம். சீக்கிரம் கழித்துக்கொண்டதற்கு இப்படி ஒரு விலை. ஷோரூம் பிள்ளை இதைச் சொல்ல மாட்டான். அவன் வேலை அது இல்லை.

இதையும் சேர்த்துப் பார்த்தாலும் பெங்களூர்க் காருக்கு மின்சாரம் ஐந்து வருஷத்தில் 90 ஆயிரம் ரூபாய்க்கு மேல் லாபம். விற்கும்போது நாலரை லட்சம் வந்தால்கூட இரண்டும் சமம். அதற்குக் கீழே போனால்தான் நஷ்டம். ஆபீஸ் காருக்கு இதே கணக்கைப் போட்டால் ஐந்து வருஷத்தில் 30 ஆயிரம் கிலோமீட்டர், மிச்சம் ஒன்றரை லட்சம்தான். மின்சாரக் காருக்கு மாற்றினால் மூன்றரை லட்சம் கைநஷ்டம். அதே கம்பெனி, அதே கார், அதே 40 சதவீதம். கிலோமீட்டர் மட்டும்தான் வேறு. கம்பெனி வரியைச் சேர்த்துப் பார்த்தால் தொகைகள் கொஞ்சம் சுருங்குமே தவிர, தீர்ப்பு மாறாது.

அவன் பெங்களூர் போவதற்கு மட்டும் மின்சாரக் கார் எடுத்தான், பாங்க் கடனில். ஆபீஸ் காரை மாற்றவில்லை. மெஷின் அட்வான்ஸைத் தொடவில்லை. இப்போது கார் ஒன்றரை வருஷத்தில் 37 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பீன்யாவில் கஸ்டமரிடம் பேசி, சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்கிறான். எக்ஸ்பிரஸ் வழியில் ஏ.சி. போட்டுக்கொண்டு வேகமாகப் போனால், விளம்பரத்தில் சொன்ன தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வது உத்தமம் என்கிறான்.

இப்போது எட்டு வருஷ விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வருஷத்தில் அந்தக் காருக்கு வாரண்டியில் இன்னும் மூன்று வருஷமும் 40 ஆயிரம் கிலோமீட்டரும் மிச்சம் இருக்கும். வாங்குகிறவனுக்கு அது தைரியம். வாரண்டி முடிந்த மறுநாள் விற்கப் போனால் விலையும் முடிந்துவிடும். ஆகவே விற்பதானால் வாரண்டி மிச்சம் இருக்கும்போதே விற்க வேண்டும். இல்லையென்றால் கடைசிவரை ஓட்டித் தீர்க்க வேண்டும். நடுவில் நிற்பதுதான் நஷ்டம்.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கார் மாற்றுகிற பழக்கம் உள்ள கம்பெனிகள் வாங்கவே வேண்டாம், குத்தகைக்கு எடுக்கலாம். 2017ல் மத்திய சர்க்காரின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 10 ஆயிரம் மின்சாரக் காருக்கு டெண்டர் விட்டு, அவற்றை சர்க்கார் இலாகாக்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் முறையைத்தான் பின்பற்றியது. மாதத் தொகை கொஞ்சம் ஜாஸ்தி ஆகலாம், ஆனால் பழைய விலை என்னும் தலைவலி குத்தகை கொடுப்பவனுடையது. 40 சதவீதக் கழிவும் அவனுடையதுதான். குத்தகைப் பணத்தைச் செலவாக எழுதிக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் எம்.ஜி. கம்பெனி விண்ட்ஸர் காரை, பாட்டரியைத் தனியாகக் கிலோமீட்டர் வாடகைக்குக் கொடுக்கும் திட்டத்தோடும் கொண்டு வந்தது. மூன்று வருஷத்தில் 60 சதவீதத்துக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தது. தேய்மான பயத்துக்குக் கம்பெனிகளே மருந்து தேட ஆரம்பித்துவிட்டன என்பதற்கு இது அடையாளம்.

கடைசியாக, கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாட்டரி வாரண்டி இரண்டாவது சொந்தக்காரருக்குப் போகுமா? ஆயுள் முழுக்க வாரண்டி என்று சொன்னால், கம்பெனி பெயரில் பதிவான காருக்கும் அது உண்டா, தனி நபருக்கு மட்டும்தானா? பாட்டரியின் சக்தி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி இருந்தால், எத்தனை கிலோமீட்டருக்குள்? இதோடு, ஷெட்டில் 7 கிலோவாட் சார்ஜர் வைக்க மின் இணைப்பில் இடம் இருக்கிறதா என்று செஸ்க் ஆபீஸில் கேளுங்கள். சாலை வரியையும் அன்றைக்கு உள்ள விகிதத்தில் போடுங்கள். நம் மாநிலத்தில் மின்சார வண்டிக்கு முழு விலக்கு இருந்தது. 2024ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 10 சதவீதம் என்று வந்தது. போன வருஷத்துக் கணக்கை இந்த வருஷத்துக்கு நம்ப முடியாது.

ரிட்டயர் ஆனவர்கள் சிலர், எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்பது போலப் பார்க்கிறீர்கள். பென்ஷன்காரருக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. சொந்தக் காரை விற்றால் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் சங்கத்துக்கும் மாதம் 300 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால், இருக்கிற காரையே நன்றாகத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் போகிறது, புகை இல்லை என்று மனதுக்குப் பிடித்து வாங்கினால் அது வேறு. சந்தோஷத்துக்கு நான் தேய்மானம் போடுவதில்லை.

தொழில் செய்கிற பிள்ளைகளுக்கு மட்டும் மறுபடி சொல்கிறேன். சதவீதத்தைப் பார்த்து வாங்காதீர்கள், சதவீதத்தைப் பார்த்துப் பயப்படவும் செய்யாதீர்கள். மூன்று மாதம் காரின் மீட்டரை எழுதி வையுங்கள். எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள். ஷோரூமுக்கு அதற்குப் பிறகு போகலாம்.